பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டர்: லக்ஸா, கோகிரிப்ட்எஃப்எஸ்ஸா, பழைய இகிரிப்ட்எஃப்எஸ்ஸா?

லக்ஸ் (LUKS), கோகிரிப்ட்எஃப்எஸ் (gocryptfs), இகிரிப்ட்எஃப்எஸ் (eCryptfs) மூன்றும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வழிகள். மூன்றும் ஏஇஎஸ் என்ற குறியாக்கப் பூட்டுதான். வித்தியாசம் தெரிவது கெட்டுப்போகும்போது. திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் பத்திர எழுத்தர் ஆபீஸில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும், பேட்டரி செத்த யூபிஎஸ் கைவிடும். அங்கே வைத்துப் பார்த்தால்தான் எது தேறும் என்று தெரியும்.

முதலில் இகிரிப்ட்எஃப்எஸ். உபுண்டு 18.04 இன்ஸ்டாலரில் இருந்தே இதை எடுத்துவிட்டார்கள்; ஆனாலும் பழைய மெஷின்களில் ஹோம் ஃபோல்டர் இன்னும் இதில்தான் கிடக்கிறது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது முதல் தலைவலி. ஃபைலின் பெயரையும் பூட்டினால் பெயருக்கு 143 பைட்தான் வரம்பு. யூடிஎஃப்-8ல் தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்குறி. ‘உசிலம்பட்டி’ கண்ணுக்கு 7 எழுத்து, கணக்குக்கு 11 குறி, 33 பைட். ‘உசிலம்பட்டி கருமாத்தூர் கிரயப்பத்திரம் வில்லங்கச்சான்று’ என்று சேமித்தால் இடைவெளியோடு 159 பைட். பெயர் நீளம் என்று மறுத்துவிடும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு.

இன்னொரு பழுது: கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல், பூட்டிய பக்கத்தில் 0 பைட்டாக நிற்கும். நல்ல ஃபைலுக்குத் தொடக்கத்தில் குறைந்தது 8192 பைட் தலைப்பு (பூட்டின் விவரம் இருக்கும் பகுதி) இருக்க வேண்டும், அதுவே எழுதப்படவில்லை. பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பிழை காட்டும், புதியது காலி ஃபைலாகத் திறக்கும். உள்ளடக்கம் எப்படியும் போச்சு. பூட்டிய ஃபைல்கள் இருக்கும் ‘.பிரைவேட்’ ஃபோல்டரில் 0 பைட் ஃபைல்களை மட்டும் தேடி, பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, பேக்கப்பில் இருந்து திரும்ப வையுங்கள். ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் ஹோம் திறக்காது. உள்ளே சாவி பழைய பாஸ்வேர்டால்தான் பூட்டியிருக்கிறது. பழையது தெரிந்தால் ரீராப் செய்யலாம், அதாவது சாவியைப் புது பாஸ்வேர்டால் மறுபடி பூட்டலாம்.

லக்ஸ் முழு பார்ட்டிஷனையும் பூட்டுகிறது. உள்ளே இருப்பது எக்ஸ்ட்4 என்ற சாதாரண லினக்ஸ் ஃபைல் அமைப்பு என்பதால் பெயருக்கு 255 பைட் முழுசாகக் கிடைக்கும்; கரண்ட் போனாலும் ஃபைல் அமைப்பு கலையாமல் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) பார்த்துக்கொள்ளும். சரிபார்ப்பு வேண்டுமென்றால் மவுன்ட்டை (இணைப்பை) எடுத்து, பூட்டைத் திறந்து, /dev/mapper-ல் வரும் டிவைஸ் மேல் எஃப்எஸ்சிகே (fsck, ஃபைல் அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள். முதலில் ‘-என்’ கொடுத்து, எதையும் மாற்றாமல் பாருங்கள். டிஸ்க்கிலேயே சத்தம், ரீட் பிழை என்றால் எஃப்எஸ்சிகே வேண்டாம். டிடிரெஸ்க்யூவில் (ddrescue) டிஸ்க்கின் முழு நகலான இமேஜ் எடுத்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.

லக்ஸின் உயிர், பார்ட்டிஷனின் தொடக்கத்தில் சாவியை வைத்திருக்கும் தலைப்பில் இருக்கிறது. லக்ஸ்2ல் தலைப்புக்கு வழக்கமாக ஒதுக்குவது 16 எம்பி. சாவிப் பகுதி அழிந்தால் சரியான பாஸ்வேர்டும் பலிக்காது. டிஸ்க்கை ஜெராக்ஸ் கடை விண்டோஸில் சொருகி, ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டதற்கு ஓகே அழுத்துவதுதான் வழக்கமான விபத்து. அதனால் லக்ஸ்ஹெடர்பேக்அப் (luksHeaderBackup) கட்டளையில் தலைப்பின் பிரதி எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் புதுப் பிரதி எடுத்து, பழையதை அழியுங்கள்; பழைய பிரதியைப் பழைய பாஸ்வேர்டு திறக்கும்.

கோகிரிப்ட்எஃப்எஸ் ஃபைல் ஃபைலாகப் பூட்டுவதால் கிளவுடுக்குத் தோதானது. 4096 பைட் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை: ஒரு பிட் புரண்டால் அந்தத் துண்டு மட்டும் பிழை காட்டும், மீதி படிக்கும். லக்ஸின் வழக்கமான அமைப்பில் அந்த எச்சரிக்கை கிடையாது. கெட்ட 16 பைட்டைக் குப்பையாக அப்படியே தந்துவிடும். கோகிரிப்ட்எஃப்எஸ்ஸுக்கு ‘-எஃப்எஸ்சிகே’ கொடுத்தால் எல்லா ஃபைலையும் படித்துச் சொல்லும், சரிசெய்யாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 16 பைட்டில் ‘டிஐஆர்ஐவி’ ஃபைல் ஒன்று உண்டு. கிளவுட் சிங்க் அதைத் தவறவிட்டால் அந்த ஃபோல்டரின் பெயர்கள் படிக்க முடியாது. தொடக்கத்தில் காட்டும் மாஸ்டர் கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கான்ஃபிக் ஃபைல் போனாலும் அதை வைத்து மவுன்ட் ஆகும்.

என்க்எஃப்எஸ் (EncFS) என்ற இன்னொரு பூட்டைக் கிளவுடுக்கு எடுக்காதீர்கள். ஒரே ஃபைலின் பல பதிப்புகள் எதிராளி கையில் கிடைத்தால் அது தாங்காது என்று 2014 ஆய்விலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆபீஸ் டிஸ்க்குக்கு லக்ஸ், வெளியே ஏறும் ஃபோல்டருக்கு மட்டும் கோகிரிப்ட்எஃப்எஸ் என்று வையுங்கள். இகிரிப்ட்எஃப்எஸ்ஸில் இருந்து மாறும்போது, திறந்த நிலையில் ஆர்சிங்க்கில் (rsync, நகலெடுக்கும் கட்டளை) நகலெடுத்து, உள்ளடக்கத்தை ஒப்பிடும் ‘-சி’ கொடுத்து மறுபடி ஓட்டி ஒப்பிட்ட பிறகே பழைய ‘.பிரைவேட்’டில் கை வையுங்கள்.