சர்வர் வாடகை நின்ற பிறகு எது மிஞ்சும்? கிளவுட் ரோபோக்களுக்கு மூன்று வழிகள்

ரோபோவின் மூளையில் பாதியைத் தொலைவிலுள்ள சர்வரில் வைத்துவிடலாம் என்ற யோசனைக்கு 2010-இல் ‘கிளவுட் ரோபாட்டிக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் ஜேம்ஸ் கஃப்னர். அதைக் கூட்டாகச் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் போயிருக்கிறார்கள். புதிதாக நான்கு பேர் கூடி, சனி ஞாயிறுகளில் உழைத்து, ஏதாவது ஒன்றைப் பொதுவில் வைக்க நினைத்தால் இவற்றில் எதன் மேல் கட்டுவது? நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்துப் பார்த்தேன்: பணம் போடுகிறவர் ஒருநாள் கையை விரித்தால், நம் உழைப்பில் எது நம்மிடம் இருக்கும்?

முதல் வழி, பொதுவான அறிவுக் கிடங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடந்த ரோபோஎர்த் இதற்கு நல்ல உதாரணம். 2014 ஜனவரியில் நெதர்லாந்தின் ஐந்தோவனில், மருத்துவமனை அறை மாதிரி செட் போட்டு நான்கு ரோபோக்களை உள்ளே விட்டார்கள். ஒன்று அறையின் வரைபடத்தைக் கிடங்கில் ஏற்றியது. மற்றவை அதை வைத்தே வழி கண்டுபிடித்து, நோயாளிக்குப் பானம் கொண்டுபோகும் வேலையில் இறங்கின. ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதை இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வது போல. பார்க்க அழகுதான். ஆனால் வரைபடத்தைப் பகிர்வது சுலபம், கைப்பழக்கத்தைப் பகிர்வது கஷ்டம். இரண்டு விரல் பிடியுள்ள ரோபோ டம்ளரைத் தூக்கும் விதம், காற்றை உறிஞ்சிப் பொருளைப் பிடிக்கும் ரோபோவுக்கு எதற்கு ஆகும்? அதே 2014-இல் திட்டக்காலமும் முடிந்தது. அதில் உருவான ரப்யூட்டா என்ற திறந்த மூல கிளவுட் எஞ்சின் பிற்பாடு ஒரு நிறுவனமாகவே ஆனது. (அதைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயர் கஜன் மோகனராஜா. நம் வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.) 2023-இல் வந்த ஓப்பன் எக்ஸ்-எம்பாடிமென்ட் இதே கனவின் அடுத்த சுற்று: 22 வகை ரோபோக்கள், பத்து லட்சத்துக்கும் மேலான செயல் பதிவுகள். இந்த முறை சர்வராக இல்லாமல் இறக்கிக்கொள்ளும் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இரண்டாவது வழி, பெரிய நிறுவனத்தின் தளத்தில் குடியேறுவது. 2018 நவம்பரில் அமேசான் ரோபோமேக்கரைக் கொண்டுவந்தது. கணக்கைத் திறந்தால், ரோபோவைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஓடும், மாதக் கடைசியில் பில் வரும். தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பரில் கடையைச் சாத்தினார்கள். ஆனால் அவர்கள் பொதுவில் போட்டிருந்த ஒரு சின்ன வீட்டின் சிமுலேஷன் மாதிரி, சோபா, சாப்பாட்டு மேசை, கட்டில் எல்லாவற்றோடும், ராஸ் என்ற திறந்த மூல ரோபோ மென்பொருளைப் படிப்பவர்களிடம் சேவையின் தயவில்லாமலே புழங்கிவருகிறது. சேவை போய்விட்டது, வீடு நிற்கிறது.

மூன்றாவது வழியில் சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும், பேசும் முறையை மட்டும் பொதுவாக வைப்போம் என்கிறார்கள். பல கம்பெனி ரோபோக்களை ஒருங்கிணைக்கும் ஓப்பன் ஆர்எம்எஃப் என்ற திறந்த மூல மென்பொருள் அப்படிப் பிறந்ததுதான். சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனையோடு இணைந்த ஆய்வு மையம் இதில் முன்னின்றது. பிரச்சினையும் அங்கே கண்ணெதிரே இருந்தது: மருந்து கொண்டுபோகும் ரோபோ ஒரு கம்பெனி, தரை துடைப்பது இன்னொரு கம்பெனி, லிஃப்ட் மூன்றாவது கம்பெனி. குறுகிய நடைவழியில் இரண்டு ரோபோக்கள் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது?

இதற்கு ஒவ்வொரு கம்பெனியின் ரோபோக் கூட்டத்துக்கும் ஒரு அடாப்டர், அதாவது அதன் பேச்சைப் பொது முறைக்கு மாற்றித் தரும் நிரல், எழுத வேண்டும். முழுக் கட்டுப்பாடு தருகிற கம்பெனி என்றால், ரோபோவை வேறு பாதையில் திருப்பலாம். சில கம்பெனிகள் ‘நில், போ’ என்று மட்டும் சொல்ல விடும். சிலவற்றிடம் ரோபோ எங்கே நிற்கிறது என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கடைசி வகையில் இரண்டு கூட்டங்கள் ஒரே மாடியில் இருந்தால் தொலைந்தோம், இரண்டில் ஒன்றையும் நாம் ஒதுங்கவைக்க முடியாது.

சலிப்பான வேலைதான். டெமோ மேடையில் கைதட்டல் வாங்காது. ஆனால் எழுதிய அடாப்டர் எந்த சர்வரிலும் ஓடும். 2024 மார்ச்சில் ராஸ், சிமுலேஷன் மென்பொருளான கஸீபோ, ஓப்பன் ஆர்எம்எஃப் எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து ஓஎஸ்ஆர்ஏ என்ற கூட்டமைப்பு தொடங்கினார்கள். என்விடியா, குவால்காம், இன்ட்ரின்சிக் முதல் வரிசை உறுப்பினர்கள். பணம் கட்டுகிறவர் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் கேட்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அப்படியே ஆனாலும் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போக உரிமம் இடம் தருகிறது. இரண்டாவது வழியில் அந்தக் கதவே இல்லை.

அதனால் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன், முதலாவதிலிருந்து கோப்பாக வைக்கும் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு. அப்புறம் எதை மேலே, அதாவது சர்வருக்கு, அனுப்புவது என்பதையும் முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். நொடிக்கு ஆயிரம் முறை ஓடும் மோட்டார் கட்டுப்பாட்டுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிநொடிதான் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே பத்து மில்லிநொடி ஆகும். வரைபடம், வேலைப் பட்டியல், பொருளை அடையாளம் காண்பது மேலே போகலாம். பிரேக் போகக்கூடாது.

முதல் சனிக்கிழமை வேலை இது: ரோபோ லிஃப்டுக்குள் பாதி நுழைந்திருக்கும்போது வைஃபை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். கதவு மூட வரும்போது அது உள்ளே போகிறதா, பின்வாங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று எழுதிவையுங்கள்.