இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள்

எழுபதுகளின் தமிழ்த் திரைப்பாட்டு ரிக்கார்டு வாங்க நினைப்பவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்து விலை பேசவேண்டாம். தட்டைத் திருப்பிப் பாருங்கள். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியறையில் இந்த ஏழு அங்குலத் தட்டுகளைச் சில ஆண்டுகளாகப் போட்டுக் கேட்டுவருகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மைக் செட்டுக்காரர் தொழிலை விட்டபோது மொத்தமாக வாங்கியவைதான் பெரும்பாலும். அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது இரண்டாம் பக்கம்.

கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு என்று எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் சனங்கள் கேட்டது முதல் பக்கத்துப் பாட்டைத்தான். கனத்த முள், அதுவும் தேய்ந்து மழுங்கிய பிறகும் மாற்றப்படாத முள். போதாததற்குப் பந்தலடித் தூசி. இப்போது அந்தப் பக்கத்தை ஓட்டினால் பாட்டுக்கு முன்னால் அப்பளம் பொரிகிற சத்தம் வந்து நிற்கிறது. மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகச் சீண்டவில்லை.

மேலைநாடுகளில் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் இந்த வகைத் தட்டு 1949இல் வந்தது. அங்கே பக்கத்துக்கு ஒரு பாட்டு என்பது வழக்கம். நம் திரைப்படத் தட்டுகளில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு. இந்த நெருக்கடிக்கு ஒரு விலை உண்டு. தட்டு சுற்றும் வேகம் மாறாது. ஆனால் முள் உள்வட்டத்துக்குப் போகப் போக அதன் அடியில் ஓடும் தடத்தின் நீளம் குறைகிறது. ஓரத்தில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் கடைசியில் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது பாட்டில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கரகரக்கின்றன. ஆக, ஒரு தட்டில் நல்ல இடம் எது என்றால் மூன்றாவது பாட்டு: தேயாத பக்கம், வெளிவட்டம். நான் இப்போது எந்தத் தட்டை எடுத்தாலும் அங்கேதான் முள்ளை வைக்கிறேன்.

அப்படிக் கேட்டதில் சில கணக்குகள் மாறின. இசையமைப்பாளர் வி. குமாரின் இசையை முன்பு நான் பெரிதாக எண்ணியதில்லை. இப்போது அவர் தட்டுகளைத்தான் அடிக்கடி எடுக்கிறேன். குறைந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு பாடுகிறவருக்கு அவர் விடுகிற இடம் அப்படி. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் தொடக்க ஆண்டுத் தட்டுகளில், போனில் கேட்டபோது கவனத்துக்கு வராத பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகிறது. பாடகி ஜென்சியின் குரலை இந்தப் பக்கங்களில்தான் சரியாகக் கேட்டேன் என்பேன்.

இரண்டாம் பக்கமெல்லாம் புதையல் என்று நினைத்துவிடவேண்டாம். முதல் பக்கத்து மெட்டையே இழுத்து அழவைத்த சோக வடிவங்கள் ஏராளம். நகைச்சுவைப் பாட்டு என்ற பெயரில் வருகிறவை இன்னும் மோசம். முள் தேய்மானத்துக்குக்கூட அவை தகாது.

பக்திப் பாட்டுத் தட்டுகளில் இந்தக் கணக்கு செல்லாது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களைக் கோயில் கொடைத் திருவிழா நாட்களில் விடியற்காலையிலேயே தொடங்கி இரு பக்கமும் ஓட விடுவார்கள். இரண்டுமே ஒன்றுபோலத் தேய்ந்திருக்கின்றன. மேலப்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கும் நாகூர் ஹனிபா தட்டுகளுக்கும் இதே கதி.

பராமரிப்பில் பெரிய எதிரி காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. எங்களுக்குத் தருவது புழுதியை. அந்த மாதங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் கேட்கவேண்டும். தட்டைக் கழுவ காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். துணி தடம் போகிற போக்கிலேயே சுற்றவேண்டும். லேபிளில் நீர் படக்கூடாது. சித்திரை வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் வளைந்துவிடும், நிறுத்தியே வையுங்கள். நீலக்கல் முள் சீக்கிரம் தேயும்; காசு கூடினாலும் வைர முள்ளே வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கிய பெட்டி பிளேயர் ஒன்று வேகமாகச் சுற்றி, சுசீலாவை அரைச் சுருதி ஏற்றிப் பாடவைத்தது. மோட்டாரின் அடியில் இருந்த சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்தார் ஒரு வானொலி மெக்கானிக். பழைய பிளேயரை விற்க நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இப்போது நான் தேடி வாங்குவது ஓடாத படங்களின் ரிக்கார்டுகளை. படம் தியேட்டரில் ஓடவில்லை, தட்டும் மைக் செட்டில் ஓடவில்லை. இரண்டு பக்கமும் புத்தம் புதிதாக இருக்கின்றன. பெயர் தெரியாத படம் என்பதால் விலையும் குறைத்தே சொல்கிறார்கள். ஆர்வத்தை மட்டும் கடையில் காட்டிவிடாதீர்கள், உடனே ஏற்றிவிடுவார்கள்.