மூச்சைப் பிடிக்காதே: மினி ஸ்கூபா சிலிண்டரோடு நான்கு வருடம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். 2021 செப்டம்பரில் ஆன்லைனில் ஒரு மினி ஸ்கூபா சிலிண்டர், அதாவது தண்ணீருக்குள் வாயில் வைத்து மூச்சிழுக்கும் சின்னக் காற்று சிலிண்டர், வாங்கினேன். அரை லிட்டர் சிலிண்டர், கையால் அடிக்கும் பம்பு, முகக்கண்ணாடி, தூக்கிப்போக ஒரு பை எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நான்கு வருடமாகக் கையில் இருக்கிறது. துறைமுகத்தில் மாதத்துக்கு இரண்டு பேராவது "அண்ணே, அது ஒண்ணு நானும் வாங்கட்டா?" என்று கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வாங்கியதற்குக் காரணம் வலை. விசைப்படகின் புரொப்பெல்லரில் நைலான் வலை சுற்றிக்கொண்டால் அது சும்மா சுற்றிக்கொண்டு நிற்காது. சுழல்கிற சூட்டில் உருகி, ஷாஃப்டோடு ஒட்டி, கல்லாக இறுகிவிடும். கத்தி இறங்காது, ஹாக்ஸா பிளேடு போட்டுத்தான் அறுக்க வேண்டும். முன்பெல்லாம் மூச்சுப் பிடித்து முங்குவோம். ஒரு முங்குக்கு நாற்பது வினாடி வேலை. மேலே வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறி மறுபடி முங்க வேண்டும். முப்பது முங்கு, நாற்பது முங்கு போனால்தான் ஒரு புரொப்பெல்லர் சுத்தமாகும். அன்று இரவு காது இரைந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலைக்கு சிலிண்டர் உண்மையிலேயே உதவியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினை அணைத்து, சாவியை என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டு இறங்குவேன். இரண்டு மீட்டர் ஆழம் இருக்கும். ஒரே இறக்கத்தில் மூன்று நிமிடம் நிதானமாக அறுக்கலாம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நங்கூரமிட்டு நிற்கும் படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பார்ப்பது, ஷாஃப்டில் நீர் கசிகிற இடத்தைத் தேடுவது, கை தவறி விழுந்த ஸ்பானரை எடுப்பது என்று பல வேலைக்கு ஆனது.

ஆனால் விளம்பரத்தில் பத்து நிமிடம் என்று போட்டிருந்ததே, அது எங்கே போனது?

கணக்கு எளிது. பார் என்பது அழுத்தத்தின் அளவு, ஒரு பார் என்றால் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அரை லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை அடித்தால் உள்ளே இருப்பது மொத்தம் 100 லிட்டர் காற்று. கடைசி 20 பார் கைவசம் இருக்கட்டும் என்று விட்டால் 90 லிட்டர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன், ஆறு நிமிடம் வந்தது. தண்ணீருக்குள் கையை ஓங்கி வேலை செய்யும்போது நிமிடத்துக்கு 25 லிட்டர் போய்விடும். அதுபோக, ஆழம் கூடக்கூட ஒவ்வொரு இழுப்பிலும் அதிகக் காற்று செலவாகும். பத்து மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் செலவும் இரண்டு மடங்கு. பயந்துபோன ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பான். பத்து மீட்டரில் அது 80 ஆகும். அப்படியானால் இந்த சிலிண்டர் அவனுக்கு ஒரு நிமிடம்தான் தாங்கும். பாண்டிச்சேரி டைவிங் கடைகளில் முதுகில் மாட்டிவிடுகிற சிலிண்டர் 11, 12 லிட்டர். அதில் 2,200 லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இனி 2023 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மச்சான் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தேவனாம்பட்டினத்தில் கடலிலேயே வளர்ந்த பையன். நடக்கப் பழகும் முன்பே நீந்தினான் என்று அவன் ஆயா சொல்லும். தடைக்காலம், படகு சும்மா நின்றது. "மாமா, நான் ஒரு தடவை" என்று கேட்டான். கொடுத்தேன். அவனைவிட நன்றாக நீந்துகிற ஆள் அந்தக் கரையில் இல்லை என்கிற தைரியம்தான். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று இன்று யோசித்தால், வாயில் வைத்து இழு என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்கே அதற்கு மேல் தெரியாது.

இரண்டு ஆள் ஆழம், மூன்று மீட்டர் இருக்கும். அடிமண்ணைத் தொட்டான். அங்கே நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சிறு வயதிலிருந்து உடம்பு பழகியதை அப்படியே செய்தான். மூச்சை இறுக்கிப் பிடித்து, மண்ணை உதைத்து, ஒரே தம்மில் மேலே வந்தான்.

வந்ததும் இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். துப்பியதில் நுரையோடு ரத்தம். குரல் மாறி, மூக்கடைத்தவன் பேசுவது போல ஆகிவிட்டது. கழுத்துப் பக்கம் கை வைத்தேன். தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று இருந்தது, உப்புப் பூத்த காய்ந்த மணலை அழுத்தினால் விரலுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து கழுத்துவரை ஏறியிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. மருத்துவமனையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து "தண்ணி குடிச்சிட்டான்" என்றே சொன்னோம். சிலிண்டரை யாரும் சொல்லவில்லை. எக்ஸ்-ரே பார்த்த டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், நான்கு நாள் படுக்கை. பையன் தேறிவிட்டான். காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்து மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம் வந்திருக்கும், உயிரே போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மச்சானிடம் நான் பல மாதம் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? மேலே மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினால், நெஞ்சுக்குள் போவது மேற்பரப்புக் காற்று. கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். எவ்வளவு பிடித்தாலும் நுரையீரல் கிழியாது. சிலிண்டர் தருவது வேறு காற்று. கீழே எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும்படி அதன் ரெகுலேட்டர் அமைந்திருக்கிறது. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் சூட்சுமமே அதுதான், இந்தச் சின்ன சிலிண்டரின் தலையிலும் அதே வேலைதான் நடக்கிறது. அந்தக் காற்றை நெஞ்சு நிறைய வாங்கி வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அது விரியும். போக இடம் இல்லாமல் நுரையீரலைக் கிழிக்கும். நெஞ்சு நிறைந்திருக்கும்போது நான்கு அடி ஆழம்கூட இதற்குப் போதும்.

ஆழம் குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்று நானும் நம்பியிருந்தேன். உண்மை தலைகீழ். முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு வந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். பத்து மீட்டரிலிருந்து மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும். மேற்பரப்பை நெருங்க நெருங்கத்தான் விரிவு அதிகம்.

நம் கரையில் பிறந்தவனுக்கு மூச்சை அடக்குவதுதான் வித்தை. யார் அதிக நேரம் முங்குகிறான் என்று பந்தயம் கட்டி வளர்ந்தவர்கள் நாம். அந்த வித்தைதான் இந்த சிலிண்டரில் ஆளைக் கொல்லும். நீச்சல் தெரியாதவன் பயந்து தண்ணீர்ப் பக்கமே போக மாட்டான். நன்றாகத் தெரிந்தவன்தான் இதில் மாட்டுவான். அதனால்தான் "எனக்கு நல்லா நீந்தத் தெரியும்ணே" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது அடிவயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகுதான் பாண்டிச்சேரிக்குப் போய் டைவிங் பயிற்சி எடுத்தேன். நாலு நாள். முதலில் நீச்சல் குளம், அப்புறம் கடல். முதல் வகுப்பில் முதல் விதியாகச் சொன்னது மூச்சை ஒருபோதும் பிடிக்காதே என்பது. வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றால்கூட "ஆ" என்று மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டே, சின்னச் சின்னக் குமிழாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் கீழேயே நின்று மூக்கால் ஊதி வெளியேற்றலாம் என்பதையும் அங்கேதான் கற்றேன். பையனுக்குத் தெரியாமல் போனதில் இதுவும் ஒன்று. அரை நிமிட வேலை அது.

இனி சிலிண்டரைப் பற்றிய என் மற்ற குறைகள்.

கைப்பம்பு: காலியான சிலிண்டரை நிரப்ப ஐந்நூறு அறுநூறு அடிக்கு மேல் அடிக்க வேண்டும். 100 பாருக்கு மேல் உடம்பு எடை முழுவதையும் போட்டால்தான் இறங்கும். இடையிடையே நிறுத்தி ஆறவிடாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெந்துவிடும். எனக்கு இரண்டு முறை வெந்தது. மூன்று நிமிடக் காற்றுக்கு முக்கால் மணி நேரம் வியர்க்க வேண்டும். நம் ஊர்க் கடல்காற்றில் ஈரம் அதிகம். பம்பின் வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீர் சீறும். அந்த ஈரம் சிலிண்டருக்குள் போனால் உட்புறம் அரிக்கும். பக்கத்தில் டீசல் இன்ஜின் ஓடும்போது நிரப்பவே கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து உள்ளே போகும். மேலே தலைவலி தருகிற அளவே அழுத்தத்தில் மயக்கம் வரவைக்கும். ஒரு வருடத்தில் பம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடாப்டர் போட்டுப் பெரிய ஸ்கூபா சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். சோதனை முத்திரை இல்லாத சிலிண்டரைப் பல டைவிங் கடைகளில் தொடவே மாட்டார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

அழுத்தமானி: 2022-ல் ஒரு நாள் முள் 60 பாரில் நின்றது. சரி, இன்னும் இருக்கிறது என்று படகின் அடியில் நீளவாக்கில் நுழைந்தேன். ஒரு இழுப்பு வந்தது, அடுத்ததில் ஒன்றும் இல்லை. முள் அப்போதும் 60-ஐத்தான் காட்டியது, உப்பில் இறுகிப்போயிருந்தது. தலைக்கு மேலே படகு, நேராக ஏற வழியில்லை. பக்கவாட்டில் தடவித் தடவி வெளியே வந்தேன். இப்போது எத்தனை மூச்சு இழுத்தேன் என்று எண்ணுகிறேன். படகின் அடிப்பக்கம் நடுவரை போவதே இல்லை, கயிற்றைப் பிடித்து விளிம்பிலேயே நிற்கிறேன்.

வெயில்: 200 பார் நிரப்பிய சிலிண்டரைப் படகின் தகரக் கூரை மேல் மே மாத வெயிலில் வைத்தால், 30 டிகிரியிலிருந்து 60-க்குப் போகும்போது உள் அழுத்தம் 220-ஐத் தொடும். நிழலில், பாதிக்கும் குறைவாக வைத்திருங்கள். சிலிண்டரின் கழுத்தில் வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், தேதி மூன்றும் பொறித்திருக்க வேண்டும். இந்தியாவில் அழுத்தச் சிலிண்டர்களுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் உண்டு, ஒப்புதல் கொடுப்பது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. வாங்கும்போது இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் என்னிடம் நேரில் கேட்கப்பட்டவை.

வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. பம்பில் தடவிய கிரீஸின் மேல் அழுத்த ஆக்சிஜன் பட்டாலே தீப்பிடிக்கும், சிலிண்டர் வெடிகுண்டாகும். அது தப்பினாலும், சுத்த ஆக்சிஜன் ஆறு மீட்டருக்குக் கீழே வலிப்பு வரவைக்கும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவன் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டான்.

இன்னொருவர் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து போன் செய்தார். செப்டிக் டேங்கில் ஆளை இறக்க இது உதவுமா என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. இது வாயில் மட்டும் வைப்பது. கண்ணும் தோலும் திறந்துதான் இருக்கும், உள்ளே விழுந்தால் வாயிலிருந்து கழன்றுவிடும், இருக்கும் காற்றும் சில நிமிடத்துக்குத்தான். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவதே குற்றம். லாரி கூப்பிடுங்கள் என்று சொல்லி, அவர் ஒத்துக்கொள்ளும்வரை போனை வைக்கவில்லை. பாழுங்கிணற்றில் மோட்டார் எடுக்க இறங்குகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இப்போது என் பயன்பாடு இப்படித்தான்: இரண்டு மீட்டருக்குள், இன்ஜின் நின்ற படகோரம், மேலே ஒரு ஆள், இடுப்பில் கயிறு, சளி பிடித்த நாளில் இறங்குவதில்லை. பவளப்பாறை பார்க்க, மீன் பார்க்க ஆசை இருந்தால் பாண்டிச்சேரியில் முறையாகப் பயிற்சி எடுத்துப் பெரிய சிலிண்டரோடு போங்கள். பிப்ரவரிக்கு மேல் தண்ணீர் தெளிந்திருக்கும், அந்தக் கடல் அவ்வளவு அழகு. பயிற்சி இல்லாத கையில் இதைக் கொடுப்பதை நான் நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, மந்திரி வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

பையன் போன மாதம் வந்தான். டைவிங் படிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறான். நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாராம். வரும் செவ்வாய்க்கிழமை நான்தான் கூட்டிப் போகிறேன். இந்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.