பண்ணையில் கல்யாணம்: கொட்டகையா, கூடாரமா?

பண்ணையில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் "கொட்டகையா, கூடாரமா" என்றுதான் கேட்பார்கள். ஆனால் போட்டி மூன்று பேருக்குள். விழாவுக்கென்றே மாற்றியமைத்த கொட்டகை ஒன்று. நேற்றுவரை வைக்கோலும் டிராக்டரும் கிடந்த பழைய கொட்டகை இன்னொன்று. பக்கத்து வெளியில் புதிதாக எழுப்பும் கூடாரம் மூன்றாவது. முதல் இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நாம் ஏமாறுவது அங்கேதான்.

முதலில் இடக் கணக்கு. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றால் 200 சதுர மீட்டர். ஆடும் தளத்துக்கு 30, மேடைக்கு 15, பரிமாறும் மேசைகளுக்கு 15 போக மிச்சம் 140. எட்டுப் பேர் உட்காரும் 1.5 மீட்டர் வட்ட மேசைக்கு, நாற்காலியும் நடைவழியும் சேர்த்து, 3 மீட்டருக்கு 3 மீட்டர் வேண்டும். அதாவது 15 மேசை, 120 பேர். நடுவே தூண் இல்லாத கூடாரத்தில் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். பழைய மரக் கொட்டகையில் தூண்கள் சில மீட்டருக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். மேசை போட வேண்டிய இடத்திலேயே ஒன்று முளைத்திருக்கும். இரண்டு மூன்று மேசை போய்விடும், 100 பேருக்கு மேல் நெருக்கடிதான். இடத்துக்காரர் சொல்லும் எண்ணிக்கையில், அது நிற்பவர்களுக்கா உட்காருபவர்களுக்கா என்று கேளுங்கள்.

மாற்றியமைத்த கொட்டகைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் வாடகை, கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் போகிறது: மக்கள் கூடும் கட்டடம் என்ற அனுமதி, எதிரெதிர்ப் பக்கங்களில் வெளிப்புறம் திறக்கும் கதவுகள், அவசர விளக்கு, தீ எச்சரிக்கை. தானியம் வைக்கக் கட்டியதற்கும் நூறு பேர் கூடக் கட்டியதற்கும் விதிகள் வேறு. படத்தில் அழகாக விழும் அந்தப் பெரிய சறுக்குக் கதவு, கூட்டம் முட்டித் தள்ளினால் நகராது. அதை அவசர வழியாகக் கணக்கில் வைக்கக் கூடாது. பரண்மேல் யாரையும் ஏற்றாதீர்கள். அசையாத வைக்கோல் கட்டைத் தாங்கிய பலகை, ஒரே தாளத்தில் குதிக்கும் முப்பது பேரைத் தாங்கும் என்று பொறியாளர் எழுதித் தந்தால் மட்டுமே ஏற்றலாம். உத்தரத்தில் கனமான விளக்குக் கொத்து தொங்கவிடுவதற்கும் அதே விதிதான். உத்தரங்களின் மேல் படிந்த வைக்கோல் தூசி எளிதில் பற்றும் என்பதால், நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். அலங்காரத்தில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால் போதும். தண்ணீர் கொதிகலன் இரண்டு, தலா 3 கிலோவாட். உணவைச் சூடாக வைக்கும் அலமாரி இரண்டு, தலா 2.5. ஒலிபெருக்கிக்கு 3 கிலோவாட், விளக்குக்கு 1, குளிர்பெட்டிக்கு 1. மொத்தம் 16 கிலோவாட். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இணைப்பு ஒன்று தருவதோ ஏழேகால் கிலோவாட் சொச்சம். ஜெனரேட்டரின் அளவைக் கேவிஏவில் சொல்வார்கள்; அதில் கிலோவாட்டாகக் கிடைக்கும் பங்குதான் பவர் ஃபேக்டர். 20 கேவிஏ ஜெனரேட்டரும் 0.8 பவர் ஃபேக்டரில் சரியாக 16 கிலோவாட்தான். மூச்சுவிட இடமில்லை, 30 கேவிஏ கேளுங்கள். இன்னொரு கோளாறு அடிக்கடி வரும்: வெளியே தொங்கும் சரவிளக்கில் மழைநீர் இறங்கியதும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவு காப்பு ஸ்விட்ச் விழுந்துவிடும். சமையல், பாட்டு, உள் விளக்கு எல்லாம் அதே ஸ்விட்ச்சில் இருந்தால் மொத்த இடமும் இருட்டு. வெளி விளக்குக்குத் தனி சர்க்யூட்டும் தனிக் காப்பு ஸ்விட்ச்சும் போட்டால் சரவிளக்கு மட்டும் அணையும்.

கழிவறை விஷயத்தில் பழைய கொட்டகை தோற்றே போகும். 120 பேர், ஆளுக்கு மூன்று முறை, முறைக்கு 6 லிட்டர் என்றால் 2,160 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் டேங்குக்கு அது மூன்று நாள் தண்ணீர், ஒரே மாலையில். பொங்கி வழிந்தால் அன்றைக்கு ஆள் கிடைக்காது. பண்ணை வீட்டுக் கழிவறையை நம்பாமல், தொட்டியோடு வரும் வண்டிக் கழிவறையை வாடகைக்கு எடுங்கள். கூடாரத்துக்கும் இதே கதைதான். ஆனால் கூடாரம் போடுகிறவர் அதை முதலிலேயே செலவில் சேர்ப்பார், பழைய கொட்டகைக்காரர் கடைசி வாரத்தில்தான் நினைப்பார்.

தகரக் கூரை வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சையே முழுங்கிவிடும். பலகைச் சுவர், அதிரும் பாஸ் ஒலி வெளியே போவதைத் தடுக்காது. அதனால் மாற்றியமைத்த கொட்டகைகள் பலவற்றில், சத்தம் வரம்பு தாண்டினால் மேடை மின்சாரத்தையே துண்டிக்கும் கருவி இருக்கும். மைக்கே இல்லாத டிரம்ஸ்கூட அதை விழவைக்கும். இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வரம்பைக் கேட்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கூடாரத்தின் எதிரி காற்று. காற்று வரும் பக்கச் சுவரைத் திறந்து மறுபக்கத்தை மூடி வைத்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். காற்று எந்த வேகத்தை எட்டினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முளை அடிக்கும் முன் தண்ணீர்க் குழாயும் கேபிளும் எங்கே புதைந்திருக்கின்றன என்று பண்ணைக்காரர் காட்டவேண்டும். தரை சமமாகத் தெரிந்தாலும் 2 சதவீதச் சரிவு 20 மீட்டரில் 40 சென்டிமீட்டர். பலகைத் தளம் போடாவிட்டால் மேசைகள் சாயும்.

ஆக, மாற்றியமைத்தது கிடைத்தால் அதை எடுங்கள். பழைய கொட்டகைமேல்தான் மனசு என்றால், கூட்டத்தையும் சாப்பாட்டையும் பக்கத்தில் கூடாரத்தில் வையுங்கள், கொட்டகை வாசல் படத்துக்குப் பின்னணியாக இருக்கட்டும். பழையதற்குள்ளேயே எல்லாவற்றையும் நடத்துவது கூடாரத்தின் அத்தனை செலவையும் இழுத்துவரும், கூடாரத்தின் இடவசதியைத் தராது.

இடம் பார்க்க, நல்ல மழை பெய்த மறுநாள் அந்திக்குப் போங்கள். கூரை ஒழுகும் இடத்தில் தரையில் வட்டக் கறை தெரியும், உத்தரத்துக்கு நேர்கீழே பறவை எச்சம் கிடக்கும். சமையல் வண்டி வரவேண்டிய பாதையில் உங்கள் கார் சக்கரம் எவ்வளவு புதைகிறது என்பதையும் பார்த்துவிடலாம்.