‘ஆன்டி ரேடியேஷன்’ ஸ்டிக்கர்: காசுக்குப் பிடித்த கேடு

செங்கோட்டை, புளியரை பக்கம் மொபைல் கடைகளில் டெம்பர் கிளாஸ் ஒட்டும்போதே, போன் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி இந்த ஸ்டிக்கரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நகத்தளவு தங்க நிறத் தகடு, பின்னால் பசை. அவ்வளவுதான் சரக்கு.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’, அதற்குள் சிம் ஸ்டேட்டஸ். சிக்னல் அளவு மைனஸ் 95 டிபிஎம் (சிக்னல் வலுவைச் சொல்லும் அலகு) என்பதுபோல் இருக்கும். ஒட்டுமுன் ஒருமுறை, ஒட்டியபின் அதே இடத்தில் ஒருமுறை பாருங்கள். எண் மாறாவிட்டால் ஸ்டிக்கர் எதையும் தடுக்கவில்லை. மைனஸ் 110 என்று இறங்கினால், அதாவது சிக்னல் பலவீனமானால், இன்னும் மோசம்: டவரை எட்டிப்பிடிக்க போன் சக்தியைக் கூட்டும், பேட்டரியும் சுடும். காந்தத் தகடு வைத்த கவரிலும் இதே கோளாறு வரலாம்.

ஆரியங்காவு மலைப்பாதையில் ஒற்றைக் கோட்டு சிக்னலில் காதோடு ஒட்டிப் பேசுவதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்பீக்கர் போடுங்கள், இல்லையேல் வயர் ஹெட்செட்.

*#07# அழுத்தினால் பல போன்களில் சார் (SAR) அளவு, அதாவது போனின் ரேடியோ அலை ஆற்றலை உடல் எவ்வளவு உள்வாங்கும் என்பது, தெரியும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு, ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாக, கிலோவுக்கு 1.6 வாட். அதற்குள் இருக்கும் போனுக்கு ஸ்டிக்கர் எதற்கு?