உப்புக்காற்றில் ஒரு ஸ்டீரியோ: மொரீஷியஸ் சுற்றுலாப் படகில் நான்கு ஆண்டு அனுபவம்

மொரீஷியஸின் கிழக்குக் கரையில் த்ரூ தோ தூஸ் கிராமத்திலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் ஃபைபர் படகு மச்சானுடையது. எஞ்சினும் மின்வேலையும் என் பொறுப்பு. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் நாடு முழுசாகத் திறந்தபோது படகைப் புதுப்பித்தோம். அப்போதுதான் பழைய கார் செட்டைக் கழற்றிவிட்டு, கடலுக்கென்றே செய்த ஒரு ஸ்டீரியோவை மாட்டினோம். நடுத்தர விலை. சிடி கிடையாது, எஃப்எம், ப்ளூடூத், யுஎஸ்பி மட்டும். என்ன கம்பெனி என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் சொல்வதால் பெரிய பயன் இல்லை. செட் இதுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் அதைச் சுற்றியிருந்த ஒயர், ஆன்டெனா, ஸ்பீக்கர், திருகாணி. அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் கார் செட் ஏன் தாங்கவில்லை என்பது. கழற்றிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பலகை முழுக்க உப்பு பூத்து, செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் நேராக உள்ளே போக வேண்டும் என்றில்லை. உப்பு காற்றிலேயே வரும். வந்து ஒட்டிக்கொண்டு இரவு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மெமரிக்காக எப்போதும் கரண்ட் ஓடும் தடங்கள்தான் முதலில் அரிக்கும். கடலுக்கான செட்டில் பலகைமேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான், வெள்ளை நிறத்துக்காக இல்லை.

பெட்டியில் ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கும் நீர் தாங்கும் திறன் குறியீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இரண்டு சோதனையும் நல்ல தண்ணீரில் நடப்பவை. பல செட்டுகளில் அந்த எண் முன்முகத்துக்கு மட்டும்தான். ஒயர் சொருகும் பின்பக்கத்துக்குக் கிடையாது. எங்கள் படகில் செட்டின் பின்பக்கம் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் வருகிறது. ஆட்கள் ஈரத் துண்டைப் போட்டு வைப்பதும் அதே பெட்டியில்தான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைத்த பிறகுதான் நிம்மதி.

ஒயர் விஷயத்தில் கறாராக இருங்கள். சாதாரணச் செம்பு ஒயரில் உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே திரி எண்ணெய் குடிப்பதுபோல ஏறி, வெளியே உறை நன்றாக இருக்க உள்ளே கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய இழை உள்ள ஒயரே கடலுக்கு. மீட்டர் விலை அதிகம்தான், ஆனால் சின்னப் படகுக்கு எத்தனை மீட்டர் வேண்டும்? இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும். வெயிலில் டேப் பசை இளகி இரண்டு மாதத்தில் அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்து (உலோக முனைக்குள் ஒயரை வைத்து நசுக்கிப் பிடித்து), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்கினால் முடிந்தது. செட்டுக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், செட்டுக்கு ஏறாது.

சிவப்பு, மஞ்சள் இரண்டும் பலரைக் குழப்புகின்றன. மஞ்சள் நிரந்தரக் கரண்ட், நேரம், ஸ்டேஷன் நினைவுக்கு. சிவப்பு சாவி வழியாக வருவது. காரில் இது சரி. வாரக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகில் மஞ்சள் ஒயர் பாட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். அதனால் இரண்டையும் பாட்டரியின் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தோம். ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்தில். மெயினை அணைத்தால் ஸ்டேஷன் நினைவு போய்விடும். காலையில் திரும்பத் தேடிக்கொள்ளலாம். மைனஸையும் எஞ்சின் உடம்பில் கட்டாமல் நேராகப் பாட்டரிக்கே கொண்டுபோனோம். முன்பு எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தமும் கூடிக்கொண்டே வரும். இதற்குப் பிறகு அது வரவில்லை.

இனி ஆன்டெனா. இங்கேதான் பெரும்பாலான படகுகளில் கதை கெடுகிறது. கார் ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி வேலையைக் காரின் இரும்பு உடம்பு செய்கிறது. ஃபைபர் படகில் அந்த இரும்பு இல்லை. அதே ஆன்டெனாவைப் படகில் நட்டால் கரையோரம் பாடும். கொஞ்சம் தள்ளிப்போனால் இரைச்சல். உலோகத் தரை தேவைப்படாத படகு ஆன்டெனா என்று தனியாக இருக்கிறது. அதை வாங்கி, கூரைக் கம்பியின் உச்சியில், விஎச்எஃப் (படகுகள் பேசிக்கொள்ளும் ரேடியோ) ஆன்டெனாவிலிருந்து முடிந்தவரை தள்ளி நட்டோம். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் உயரம்தான் பெரிய விஷயம். தீவின் நடுவே மேட்டுநிலம், அதைச் சுற்றி மலைகள். அதனால் இங்கே ஒரே ஸ்டேஷன் ஒவ்வொரு பக்கத்தில் ஒவ்வொரு அலைவரிசையில் வரும். மேற்கே டாமரினில் பிடித்த எண்ணை கிழக்கே அழுத்திவிட்டு ‘ரேடியோ சரியில்லை’ என்று சொன்னவர்களும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து செட் வாங்கி வந்தவர்கள் மெனுவில் நாடு அல்லது ஏரியா என்ற அமைப்பைப் பாருங்கள். அமெரிக்க அமைப்பில் எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில், ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் நிற்கும். 88.6 என்ற இடத்தில் நிற்கவே நிற்காது, 88.5, 88.7 என்று போய்விடும். ஐரோப்பா என்று மாற்றினால் சரி. பக்கத்துப் படகுக்காரர் செட்டையே மாற்றப் போனார். இதைச் செய்து கொடுத்தேன், மாலையில் ஒரு மீன் வந்தது.

இன்னொன்று, சிக்னல் வலு குறையும் இடங்களில் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் வையுங்கள். ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது வலது வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸில் தனியாக ஏறி வருகிறது. சிக்னல் மெலிந்தால் முதலில் இரைவது அந்தப் பகுதிதான். மோனோவில் அதைத் தூக்கி எறிந்துவிடுவதால் குரல் தெளிவாகிவிடும். எஞ்சின் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் யார் ஸ்டீரியோவைப் பிரித்துக் கேட்கப்போகிறார்கள்?

போன வருஷம் மச்சான் ஆசைப்பட்டுப் படகின் உள்விளிம்பில் எல்இடி பட்டை ஒட்டினார். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் எஃப்எம் முழுக்க இரைச்சல். விளக்கு குற்றவாளி இல்லை, அதற்குக் கரண்டைச் சீர்செய்து கொடுக்கும் மலிவான டிரைவர்தான். பாட்டு போனால் போகட்டும், இதே இரைச்சல் விஎச்எஃப் அலையையும் மூடும் என்பதுதான் பயம். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. எல்இடியை அணைத்தும் போட்டும் விஎச்எஃப்பில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் விளக்கை மாற்றுங்கள்.

ஸ்பீக்கர் நான்கு, எல்லாம் ஆறரை அங்குலம். காகிதக் கூம்பு கடலில் பூஞ்சை பிடித்துப் பிய்ந்துவிடும். பாலிபுரோப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும்தான் வேண்டும். செட்டின் மேல் 4×50 வாட் என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள். 12 வோல்ட் பாட்டரியில், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 20 வாட் அளவில்தான் கிடைக்கும். அது போதும். திறந்தவெளியில் பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வொலி, காணாமல் போவதற்கு வாட் குறைவு மட்டும் காரணமில்லை. கூம்பின் முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் எதிரெதிர். பின்பக்கம் திறந்திருந்தால் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள அறையை அடைத்து, பலகையோடு சேரும் இடத்தில் ஃபோம் வளையம் வைத்த அன்று இந்தத் தீவின் செகா பாட்டில் வரும் ரவான் மேளம் முதல்முறையாகக் காதில் விழுந்தது. செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும், பின்பக்கம் இடது, மூன்றாவது வருஷத்தில் கரகரக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் இருந்த அறையில் தண்ணீர் வடியத் துளை இல்லை. கீழே நின்ற உப்புநீரின் ஆவியில் காந்தத்தின் இரும்புத் தகடு துருப்பிடித்து, துருத்தூள் சுருளுக்குள் போயிருந்தது. ஸ்பீக்கரோடு கொடுத்த திருகாணிகள் அதற்கும் முன்பே, ஒரே பருவத்தில், வெள்ளை ஃபைபரில் பழுப்புக் கோடு வடித்தன. அவற்றை 316 ரக ஸ்டெயின்லெஸாக மாற்றினேன். ஸ்பீக்கர் வைக்கும்போது திசைகாட்டியையும் மறக்க வேண்டாம். காந்தம் பக்கத்தில் இருந்தால் ஊசி சாயும். ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, வைத்த பிறகு சரிபார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. காய்ந்து வெளுத்த உப்புக்குத் தண்ணீர் கலந்த வினிகர். பிரஷர் வாஷரை முன்முகத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எந்த ஐபிஎக்ஸ்5உம் அதற்காகச் சோதிக்கப்பட்டதில்லை. யுஎஸ்பி துளைக்கு ரப்பர் மூடி இருக்கிறது, ஆனால் பயணிகள் போன் சார்ஜ் போட்டுவிட்டுத் திறந்தபடியே விட்டுப் போவார்கள். ஐந்து வோல்ட்டும் உப்பும் சேர்ந்தால் அந்தச் சின்னத் தகடுகள் சீக்கிரம் கரைந்துபோகும். சார்ஜுக்கு வேறு இடத்தில் தனிப் புள்ளி வைத்து இதை ஒதுக்கிவிட்டோம். சன்ஸ்கிரீன் தடவிய கையால் பட்டனை அழுத்துவது இன்னொரு தொல்லை. நாளடைவில் பிளாஸ்டிக் பிசுபிசுத்து எழுத்து மங்குகிறது. கொசு விரட்டி மருந்தில் டீட் இருந்தால் இன்னும் மோசம், பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். அதனால் பாட்டு மாற்றுவது படகு ஆட்கள் மட்டும்.

செட்டில் குறை சொல்ல ஒன்று உண்டு. திரை எல்சிடி. போலராய்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒரு கோணத்தில் முழுக்க இருட்டு. படகோட்டி நாள் முழுக்க அந்தக் கண்ணாடியோடுதான் இருப்பார். கடையில் வாங்கும்போதே கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். விஎச்எஃப்பில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் எப்போதும் ஓட வேண்டும். அதனால் ஸ்டியரிங் பக்கத்து இரண்டு ஸ்பீக்கரும் எப்போதும் தாழ்வாகவே இருக்கும், பாட்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. டாமரின் பக்கம் டால்ஃபின் பார்க்க வாடகைக்குப் போனால் முழுசாக அணைத்துவிடுவோம். படகின் உடம்பு வழியாகப் பேஸ் தண்ணீருக்குள் இறங்கும். பகலில் உறங்கி ஓய்வெடுக்கக் குடாவுக்கு வரும் விலங்குகள் அவை.

புயல் பருவத்தில் முதல் நிலை எச்சரிக்கை வந்ததுமே செட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் ஃப்ரெடி, 2024 ஜனவரியில் பெலால், இரண்டுக்கும் அப்படித்தான். நான்கு திருகாணி, ஒரு சாக்கெட், ஆன்டெனா முனை, அவ்வளவுதான் வேலை. திரும்ப மாட்டும்போது முனைகளில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம்.

இப்போது மச்சானுக்குச் சப்வூஃபர், பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர், வேண்டுமாம். “பக்கத்துப் படகில் நெஞ்சு அதிர்கிறது, நம்மிடம் மட்டும் ஏன் இல்லை?” என்று கிரியோலில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆம்ப்ளிஃபையரோடு அது இழுக்கும் கரண்டுக்குத் தனி பாட்டரியும் அதை எஞ்சின் பாட்டரியிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் முதலில் வர வேண்டும். தீவில் பயணிகள் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பாட்டு ஓடி, திரும்பும் நேரத்தில் எஞ்சின் சுற்றாமல் நின்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான். பாட்டரிக்குப் பணம் கொடுங்கள் மச்சான், சப்வூஃபரை மறுநாளே மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.