ஆழமான துளை, கனமான ஜாப்: ஹெச்.எம்.சி.யா, போரிங் மில்லா?

கனமான ஜாப்புக்கு, அதாவது மெஷினில் ஏற்றி வெட்டும் பாகத்துக்கு, ஹெச்.எம்.சி. (ஹரிசான்டல் மெஷினிங் சென்டர்) அல்லது போரிங் மில் என்று பெரிய ஹரிசான்டல் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கேட்லாக்கைத் திறந்ததும் முதலில் தேடுவது இரண்டு எண்களை: டேபிள் எத்தனை டன் தாங்கும், அச்சுகள் எத்தனை மீட்டர் ஓடும். ஆழமாக போரிங் செய்யும், அதாவது ஏற்கெனவே உள்ள துளையை உள்ளே வெட்டிப் பெரிதாக்கும், வேலையில் இந்த இரண்டும் நுழைவுச்சீட்டு மட்டுமே. டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலின் முகத்திலிருந்து கட்டிங் முனை வரை எவ்வளவு நீளம் பிடிமானமில்லாமல் தொங்குகிறது, அந்தத் தொங்கலைச் சுமப்பது எது? மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் பிடிபடும். 100 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் போரிங் பார் (நுனியில் வெட்டும் முனை மாட்டிய தண்டு), 300 மி.மீ. நீட்டி, நுனியில் 500 நியூட்டன் பக்கவாட்டு விசை விழுந்தால் வளைவு 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. அதே பாரை 600 மி.மீ. நீட்டினால் 35 மைக்ரான். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. மாறாக விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். டூல் ஸ்பிண்டிலில் செருகும் கூம்பான டேப்பர் இணைப்பும் பேரிங்கும் கொடுக்கும் தளர்ச்சி இந்தக் கணக்கில் இல்லை. சாதாரண ஸ்டீல் பார் விட்டத்தைப் போல 4 மடங்கு நீட்டம் வரை நிம்மதியாக வெட்டும், கார்பைடு பார் 6 மடங்கு வரை. உள்ளே அதிர்வு அடக்கும் அமைப்பு கொண்ட பார்கள் 10 மடங்கையும் தொடும், ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் கேட்கும்.

சரி, முதலில் ஹெச்.எம்.சி. ஓகுமா, மக்கினோ, மிட்சுயி செய்கி போன்றவர்கள் செய்யும் பெரிய அளவு மெஷின்களில் 1000 மி.மீ., 1250 மி.மீ. பேலட் (ஜாப்பை ஏற்றி மாற்றிப் போடும் தட்டு) எல்லாம் உண்டு. ஒரு பேலட்டில் ஜாப் ஓடும்போதே அடுத்ததில் செட்டிங் செய்யலாம். டூல் மேகசின் பெரிது, வேகம் அதிகம், மூடிய கூண்டுக்குள் கூலன்ட்டை அழுத்தமாக அடிக்கலாம். ஒரே கியர்பாக்ஸ் ஹவுசிங்கை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் கடைக்கு இதற்கு ஈடு இல்லை. ஆனால் இதன் ஸ்பிண்டில் வெளியே நீளாது. ஆழம் முழுவதையும் டூல்தான் சுமக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி வருகிறது: டூலைத் தானாக மாற்றும் டூல் சேஞ்சரின் எடை வரம்பு. மேலே சொன்ன 100 மி.மீ. பார் 600 மி.மீ. நீளத்தில் ஏறக்குறைய 37 கிலோ. 50 என்ற அளவு டேப்பர் கொண்ட மெஷின்கள் பலவற்றில் சேஞ்சர் தாங்குவது 25 முதல் 35 கிலோ வரைதான். எடையோடு முடிவதில்லை. பாரின் எடைமையம் டேப்பரிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருப்பதால், சேஞ்சர் கை மீது 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் திருப்புவிசை விழும். கேட்லாக்கில் டூல் நீளம் 800 மி.மீ. என்று போட்டிருப்பார்கள், அந்த நீளத்துக்கு அனுமதித்த எடையும் திருப்புவிசையும் வேறு பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மையான வரம்பு தெரியும்.

ஹெச்.எம்.சி. ஆதரவாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: பாதியை இந்தப் பக்கம் போட்டுவிட்டு, டேபிளை 180 டிகிரி திருப்பி மீதியை அந்தப் பக்கம் போடு. நல்ல பதில்தான், பார் நீளம் பாதியாகிறது, வளைவு எட்டில் ஒரு பங்காகிறது. ஆனால் டேபிள் சுழலும் மையம், மெஷினை இயக்கும் கணினியான கன்ட்ரோல் நம்பும் இடத்திலிருந்து 10 மைக்ரான் விலகியிருந்தால், இரண்டு துளைகளின் அச்சும் 20 மைக்ரான் விலகும். கோணப் பிழையும் சேரும். ஒரு ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) பிழை ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 5 மைக்ரான். ஜாப் பெரிதாகப் பெரிதாக இந்த எண் கடிக்கத் தொடங்கும். பேரிங் இருக்கைகள் ஒரே நேர்கோட்டில் 20 மைக்ரானுக்குள் வர வேண்டும் என்றால், காலையில் ஒருமுறை சுழல் மையத்தை, தொட்டு அளக்கும் புரோப் வைத்துச் சரிபார்க்காமல் இந்த முறையை நம்பக்கூடாது.

அப்புறம் டேபிள் வகை போரிங் மில். இதன் தனிச்சிறப்பு, ஹெட்டுக்குள்ளிருந்து வெளியே நீளும் ஸ்பிண்டில். டபிள்யூ அச்சு என்பார்கள். 130 மி.மீ. ஸ்பிண்டில் 700, 800 மி.மீ. வரை வெளியே வரும். டாஸ் வார்ன்ஸ்டார்ஃப், ஷிபௌரா, பாமா என்று பழைய பெயர்கள் இந்தத் துறையில் நிறைய. இரண்டு சுவர்கள் 500 மி.மீ. இடைவெளியில் நிற்கும் ஒரு ஹவுசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் 200 மி.மீ. துளை. போரிங் மில்லில் ஸ்பிண்டில் முதல் துளைக்குள் நுழைந்து கடந்து போகும், தேவைப்பட்டால் டேபிளும் நெருங்கி வரும், நுனியில் குட்டையான டூல் போதும். 700 மி.மீ. நீட்டிய 130 மி.மீ. ஸ்பிண்டில், அதே நீளத்துக்கு நீட்டிய 100 மி.மீ. பாரைவிட மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு விறைப்பானது. டூல் சேஞ்சர் பற்றிய கவலையும் போய்விடுகிறது, ஏனென்றால் நீளம் மெஷினிலேயே இருக்கிறது.

அதனால் போரிங் மில்தான் எப்போதும் வெல்லும் என்று முடிவு கட்ட வேண்டாம். துளையே 120 மி.மீ. என்றால் 130 மி.மீ. ஸ்பிண்டில் உள்ளே போகாது. வாசலில் நின்றுகொண்டு நீள பார் மாட்ட வேண்டியதுதான், ஹெச்.எம்.சி.யின் நிலைமைக்கே திரும்பி வந்துவிடுகிறோம், வேகம் மட்டும் குறைவாக. ஆகவே மெஷின் விற்பவரிடம் பேசும் முன் உங்கள் வரைபடங்களை எடுத்து, ஆழமான துளைகளில் எத்தனைக்குள் ஸ்பிண்டில் நுழையும் என்று எண்ணிப் பாருங்கள். சிப்ஸ் வெளியேற இடமும் வேண்டும், அதனால் 150 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வது பத்திரம்.

நீளும் ஸ்பிண்டிலுக்கு இன்னொரு குறை, தன் எடையிலேயே தலை சாயும். 700 மி.மீ. நீட்டத்தில் 10 மைக்ரான் அளவுக்குச் சாய்வு எதிர்பார்க்கலாம். கன்ட்ரோல் நீட்டத்துக்கு ஏற்ப ஒய் அச்சை (மேலும் கீழும் ஓடும் அச்சு) தூக்கி ஈடுகட்டும், ஆனால் அந்தத் திருத்த அட்டவணை மெஷினைப் பொருத்தும்போது அளந்து போட்டதா, தொழிற்சாலையில் பொதுவாகப் போட்டதா என்று கேட்க வேண்டும். துல்லியம் முக்கியமான கடைசி வெட்டில் எனக்குப் பிடித்த வழி வேறு: ஸ்பிண்டிலைத் தேவையான நீளத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஃபீடை டேபிளுக்குக் கொடுப்பது. சாய்வு இருக்கும், ஆனால் துளை முழுக்க ஒரே அளவில் இருக்கும், துளை கோணலாகாது.

பழைய டேபிள் மில்களில் எதிர்ப்பக்கம் ஒரு தாங்குதூண் நிற்கும், பாரின் மறுமுனையைப் பிடிக்க. 1775இல் ஜான் வில்கின்சன் நீராவி எஞ்சின் சிலிண்டருக்காகச் செய்த போரிங் மெஷினின் உயிரே அதுதான்: பார் சிலிண்டரை ஊடுருவி இரண்டு முனையிலும் தாங்கப்பட்டது. நடுவில் விசை விழும்போது, இரண்டு முனையிலும் தாங்கிய பார், ஒரு முனையில் மட்டும் பிடித்து, நுனியில் அதே விசை விழும் அதே நீள பாரைவிடப் பதினாறில் ஒரு பங்குதான் வளையும். இன்றைய மெஷின்கள் பெரும்பாலும் அந்தத் தூணை விட்டுவிட்டன, செட்டிங் நேரம் அதிகம் என்பதால். ஒரே நேர்கோட்டில் பல துளைகளைப் போடும், மீட்டர் கணக்கில் நீளும் லைன் போரிங் வேலை உங்களுக்கு வழக்கமாக வருமானால், அது கிடைக்கும் மெஷினைத் தேடுவது வீண் அல்ல.

டேபிளில் ஏற்றவே முடியாத ஜாப்புக்கு ஃப்ளோர் வகை. ஜாப் தரைத் தட்டில் அசையாமல் இருக்கும், தூண் நகரும், தூணிலிருந்து ராம் என்ற கை நீளும், ராமுக்குள்ளிருந்து ஸ்பிண்டிலும் நீளும். எட்டும் தூரம் அபாரம், ஆனால் ஃபவுண்டேஷன் செலவு தனி அத்தியாயம். 50 டன் ஜாப் அடிக்கடி வராத கடைக்கு இது தேவையில்லை.

துளை விட்டத்தைப் போல 10 மடங்குக்கு மேல் ஆழம் போனால், மேலே சொன்ன எதுவும் சரியான மெஷின் அல்ல. திடமான ஃபோர்ஜிங்கில் 60 மி.மீ. விட்டத்தில் 1500 மி.மீ. ஆழம் என்றால் 25 மடங்கு. அது பி.டி.ஏ. முறை டீப் ஹோல் டிரில்லிங் (ஆழ்துளை போடும்) மெஷினின் வேலை. டிரில் தலையைத் தாங்கும் குழாயின் வெளிப்புறமாகக் கூலன்ட் துளைக்குள் போய், சிப்ஸைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குள்ளே திரும்பி வரும். தலையில் உள்ள கைடு பேடுகள் வெட்டிய துளையின் சுவரிலேயே சாய்ந்து நகர்வதால், துளை தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறது. சிறிய விட்டங்களுக்கு கன் டிரில் என்ற நீளமான ஒல்லி டிரில்லை ஹெச்.எம்.சி.யிலேயே ஓட்டலாம், வழிகாட்டும் பைலட் துளை போட்டு, வேகத்தைக் குறைத்து உள்ளே நுழைத்துவிட்டு. 60 மி.மீ.யில் அந்த முயற்சி வேண்டாம்.

என் தீர்ப்பு இது. ஒரே ஜாப் திரும்பத் திரும்ப வந்து, ஆழம் விட்டத்தின் 4 மடங்குக்குள் அடங்கினால் ஹெச்.எம்.சி. ஜாப் நாளுக்கொன்று மாறி, துளைகள் 150 மி.மீ.க்கு மேல் இருந்து, உள்சுவர் போரிங் அதிகம் என்றால் 130 மி.மீ. டேபிள் மில், அதிலும் டேபிள் நான்கு பக்கமும் சுழலட்டும். 10 மடங்கைத் தாண்டும் ஆழ்துளைகள் ஆண்டுக்குச் சிலவே என்றால் அவற்றை வெளியே கொடுத்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ட்ரையலுக்குப் போகும்போது உங்கள் மோசமான துளையை, உங்கள் மெட்டீரியலில், முழு நீட்டத்தில் போடச் சொல்லுங்கள். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒன்று, சில மணி நேரம் ஓடியபின் ஒன்று. ஒரு மீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு 11 மைக்ரானுக்கு மேல் நீளும், ஸ்பிண்டில் சூடும் சேரும். இரண்டு துளையிலும் வாயில், நடுவில், அடியில் என மூன்று ஆழத்திலும், துளை விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்து, அந்த எண்களை ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.